எட்டுக்கால் பூச்சி பூச்சியே இல்லீங்க!

பூச்சின்னா ஆறு கால். சிலந்திக்கு எட்டு. அது பூச்சி இல்லை, பூச்சியைத் தின்கிற ஆளு. பேரை மாத்தி வச்சதால பாவம், அடி வாங்குது.

ஒரகடத்துல நாங்க நாலு பேர் தங்கியிருக்கற ரூம்ல, பிவிசி பைப்புல ஓட்டை போட்டு, மண்ணே இல்லாம புதினாவும் கீரையும் வளர்க்கறோம். மேலே எல்ஈடி லைட், உள்ளே சத்து கலந்த தண்ணி. வாடகை தராம ஒரு சிலந்தியும் குடிவந்தாச்சு. "மருந்து அடிச்சுடலாம்டா"ன்னு ரெண்டு பேர். வேண்டாம்கறது என் கட்சி.

மூடின ரூம்ல மழை கிடையாது, தட்டான் கிடையாது, குருவி கிடையாது. ஒரு வெள்ளை ஈ உள்ளே நுழைஞ்சா கேக்க ஆளில்லை. சிலந்தி மட்டும்தான் காவல். அடிக்கிற மருந்து நம்ம சட்னிக்கும்தானே வரும்?

வயல்லயும் இதே கதைதான். இந்தோனேசியாவுல மருந்து அடிக்க அடிக்க நெல்லுல புகையான் பெருகிச்சு. அதைத் தின்ன சிலந்திகள் மருந்துல செத்துப்போனது ஒரு முக்கியக் காரணம். 1986ல அந்த அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை பண்ணிச்சு.

சிலந்தி எல்லாத்தையும் ஒழிச்சுடாது. நல்ல பூச்சி சிக்கினாலும் விடாது. அதையும் சொல்லிடணும்.

இன்னொரு குழப்பம், 'சிவப்புச் சிலந்தி'. அது சிலந்தி இல்லை, சாறு உறிஞ்சற பேன். அதுவும் நூல் விடும்.

அதனால வலையைப் பார்த்ததும் ஸ்பிரேயரைத் தூக்காதீங்க. இலையைத் திருப்பிப் பாருங்க. வெளிறின சின்னப் புள்ளிகளும் நகர்ற தூசி மாதிரி ஏதாவதும் இருந்தா பேன். இல்லையா? காவல்காரரை விட்டுடுங்க.