பற்று, வரவு, பல்லவி

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மாணவ மாணவியர் நால்வர் எங்கள் துறைக்கு வந்தனர். வணிகவியல் ஆசிரியை ஆயிற்றே, பண்டம் மற்றும் சேவை வரியைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். அவர்கள் முகம் வாடிவிட்டது. "அம்மா, நீங்க பாட்டு எழுதுவீங்களாமே! அதைப் பத்தி எழுதுங்கம்மா. வீடு, வேலை, பாட்டு எல்லாத்துக்கும் எப்படி நேரம் கிடைக்குது?" என்று ஒருத்தி கேட்டாள். 'நேரம் எப்படிக் கிடைக்கிறது?' என்னும் இதே கேள்வியை இருபது ஆண்டுகளாகப் பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். சிரித்தே சமாளித்து வந்தேன். கேட்பவர் மாணவர் என்றால் அப்படி நழுவ முடியுமா? விடை சொல்லும் கடமை ஆசிரியருக்கு உண்டல்லவா? ஆகவே எழுதத் துணிந்தேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்தி விடுகிறேன். நான் புகழ்பெற்ற கவிஞர் இல்லை. எங்கள் ஊர் ஆலயத்திலும் சுற்று வட்டாரச் சபைகளிலும் பாடப்படும் கிறிஸ்தவக் கீர்த்தனைகளை எழுதுகிறவள், அவ்வளவே. கிறிஸ்து பிறப்பு, உயிர்த்தெழுதல், அறுவடைத் திருநாள், ஓய்வுநாள் பள்ளி விழா, கல்யாணம், அடக்க ஆராதனை என எது வந்தாலும் பாடகர் குழுவை நடத்தும் அண்ணன் வாசலில் வந்து நின்று, "டீச்சர், ஒரு பாட்டு வேணும்" என்பார். இப்படிச் சேர்ந்தவை 60 பாடல்களுக்குச் சற்று மேல் இருக்கும். நான் காசு கேட்டதில்லை, கொடுத்தவரும் இல்லை. ஒருமுறை மட்டும் ஒரு பெரியவர் தம் மகளின் கல்யாணப் பாட்டுக்காகப் பத்துத் தேங்காய்களைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். அதை எந்தக் கணக்குத் தலைப்பில் பதிவது என்று வணிகவியல் படித்த எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கணக்குப் பதிவியலில் நாங்கள் முதலில் நடத்தும் பாடம் இரட்டைப் பதிவு முறை. ஒவ்வொரு நடவடிக்கைக்கும் இரண்டு பக்கங்கள் உண்டு. பற்றில் எழுதிய தொகை வரவிலும் எங்கேனும் இருந்தே ஆக வேண்டும். என் நாளையும் அவ்வாறே எழுதிப் பார்க்கிறேன். காலை 4.45 மணிக்கு எழுந்தால் 7.30 வரை அடுப்படி. பிள்ளைகள் இருவருக்கும் சாப்பாடு கட்டிக் கொடுக்க வேண்டும். கணவருக்கு மின்வாரியத்தில் வேலை. காற்றும் மழையும் அடித்தால் அவர் எப்போது போவார், எப்போது வருவார் என்று யாராலும் சொல்ல முடியாது. பேருந்தில் ஐம்பது நிமிடம். பிறகு வகுப்புகள், வருகைப் பதிவு, அகமதிப்பீட்டுத் தேர்வு, விடைத்தாள் கட்டுகள். மாலையில் மறுபடியும் பேருந்து, மறுபடியும் அடுப்படி, மகனுக்கு வாய்ப்பாடு, மகளுக்கு வரைபடம். இரவு பத்தரை மணிக்குக் கணக்கை முடித்தால் கையிருப்பு என்று ஒரு நிமிடமும் இராது. ஆனாலும் பாட்டு வந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது?

நெடுநாள் யோசித்த பின் எனக்குத் தோன்றிய விடை இதுதான்: பாட்டு மிச்ச நேரத்திலிருந்து வருவதில்லை, செலவான நேரத்திலிருந்தே வருகிறது. அரிசி களையும்போது பல்லவி வரும். பேருந்து பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அனுபல்லவி வரும். 2021 முதல் தமிழகச் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை. ஆகவே அது எனக்கு வாடகையில்லாத எழுத்தறை. சரணம் மட்டும் சற்று முரண்டு பிடிக்கும். அதற்குத் துணி மடிக்கும் நேரமே ஏற்றது. கை ஒரு வேலையில் பழகி ஓடும்போது மனம் வேறொன்றைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டு நாள் விடுமுறை எடுத்து மேசைமுன் உட்கார்ந்தும் பார்த்தேன். தாள் வெள்ளையாகவே இருந்தது.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமன்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நாம் நாவலாசிரியராக அறிவோம். 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தைப் படிக்காத தமிழ் மாணவர் இல்லை. அவர் முன்சீஃபாக இருந்து வழக்குகளைத் தீர்த்தவர். பகலெல்லாம் வாதி, பிரதிவாதி, சாட்சி என்று கேட்ட காதுதான் நீதிநூலையும் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளையும் தந்தது. கடல் கடந்து பார்த்தால், இசைமேதை பாக் 1723இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பள்ளி இசையாசிரியராகப் பொறுப்பேற்றார். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதோடு முதல் சில ஆண்டுகள் ஏறத்தாழ வாரந்தோறும் ஆலயத்துக்கு ஒரு புதிய இசைப்படைப்பையும் எழுதிக் கொடுத்தார். அவருக்குப் பிறந்த பிள்ளைகள் 20. பிழைத்து ஆளானவர்கள் பாதிப்பேர். அமெரிக்க நற்செய்திப் பாடல்களின் முன்னோடிகளுள் ஒருவரான சார்ல்ஸ் டிண்ட்லி பிலடெல்பியாவில் செங்கல் சுமந்தவர். ஓர் ஆலயத்தைப் பெருக்கித் துடைத்தவர். 1902இல் அதே சபைக்குக் குருவாக வந்தார். இவர்களில் எவருக்கும் ஓய்வு இருந்ததாகத் தெரியவில்லை.

வேலை செய்கிறவர் எழுதுவதில் ஒரு பயனும் உண்டு. பாடுகிறவர்களும் வேலை செய்கிறவர்கள்தாமே! எங்கள் பாடகர் குழுவில் தையற்காரர் இருக்கிறார், பீடி சுற்றும் பெண்கள் இருக்கிறார்கள், கொத்தனார் இருக்கிறார். அவர்களுடைய மூச்சுக்கு அடங்காத வரி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை உடைந்துவிடும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று நம் இலக்கணம் சொல்கிறது. ராகம் நீண்டு நிற்கும் இடத்தில் நெடில் வந்தால் சொல் தன் இயல்பில் நிற்கும். குறில் வந்தால் அதைப் பிடித்து இழுக்க வேண்டும், இழுத்தால் பொருளே மாறிவிடும். மேல்நாட்டு மெட்டுக்குள் தமிழ்ச் சொற்களை அடைத்த பாமாலைகள் சிலவற்றைப் பாடும்போது நாக்கு தடுக்குவது இதனால்தான். ஆகவே நான் எழுதிய வரியைப் பேருந்தில் முணுமுணுத்துப் பார்ப்பேன். ஒரே மூச்சில் வரவில்லையானால் வெட்டிவிடுவேன்.

இவ்வளவும் எனக்குத் தெரிந்த தொழில். ஆனால் பாட்டு எதற்கு என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் வேறொருவர். அவர் என் மாமியார்.

அத்தை மூன்றாம் வகுப்புக்கு மேல் படித்ததில்லை. ஆனால் கீர்த்தனைப் புத்தகத்தில் பாதி அவருக்கு மனப்பாடம். எண்கூடச் சொல்வார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்து விடியற்காலையில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கையும் வலக்காலும் விழுந்தன, பேச்சும் போயிற்று. நாங்கள் சொல்வது அவருக்குப் புரிந்தது. சொல்ல நினைத்ததுதான் வாய்க்கு வரவில்லை. தண்ணீர் கேட்க வாயெடுத்தால் வேறேதோ ஒலி வரும். அது தவறென்று அவருக்கே தெரியும். உடனே கண் கலங்கிவிடும். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

அறுவடைத் திருநாளுக்குப் பாட்டு கேட்டிருந்தார்கள். "இந்த வருஷம் என்னால முடியாதுண்ணே. பழைய பாட்டே பாடிருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இனி எழுதுவதையே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். படுத்த படுக்கையான ஒருவரைக் கவனிக்கும் வீட்டில் மோனையும் எதுகையும் எதற்கு என்று தோன்றியது.

ஓர் இரவு தோசை சுட்டுக்கொண்டே பழைய கீர்த்தனை ஒன்றை முணுமுணுத்தேன். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இயற்றியது. உள்ளறையிலிருந்து இன்னொரு குரல் சேர்ந்தது. முதலில் மெட்டு மட்டும் வந்தது. பிறகு சொல்லும் வந்தது. ஒரு சரணம் முழுவதையும் அத்தை பாடினார். சொல் ஒன்றும் விடுபடவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் கணவர் அப்படியே உள்ளே ஓடி வந்தார். "அம்மா, பேசும்மா!" என்றார். அத்தை வாயைத் திறந்தார். மறுபடியும் அந்தப் பழைய ஒலிதான். பாட்டில் வந்த சொற்கள் பேச்சில் வரவில்லை.

மறுநாள் மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் அம்மையாரிடம் இதைச் சொன்னோம். அவர் வியப்படையவில்லை. "அற்புதம்னு நினைச்சுப் பயிற்சியை விட்டுடாதீங்க" என்று எச்சரித்துவிட்டு விளக்கினார். பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கமே பேச்சை ஆள்கிறது. பாட்டுக்கு வலப்பக்கமும் துணை நிற்கிறது. இடப்பக்கம் பழுதானால் பேச்சு போகலாம். ஆனால் இளமையில் பாடிப் பாடிப் பதிந்த பாட்டு தப்பிப் பிழைக்கலாம். 18ஆம் நூற்றாண்டிலேயே ஸ்வீடனில் இப்படிப் பேச்சிழந்த ஒருவர் ஆலயப் பாடல்களைச் சொல் தவறாமல் பாடியதை எழுதி வைத்திருக்கிறார்கள். 1973இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் இதையே ஒரு பயிற்சி முறையாக வகுத்து வெளியிட்டனர். அன்றாடச் சொற்றொடரை ஏற்ற இறக்கமான இரண்டே சுரங்களில் பாட வேண்டும். ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்ட வேண்டும். மெல்ல மெல்ல மெட்டைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவர வேண்டும். எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. முயன்று பார்க்கலாம் என்றார்.

அன்றிரவு நான் மறுபடியும் பாட்டு எழுத உட்கார்ந்தேன். என் வாழ்நாளிலேயே மிகச் சிறிய பாட்டு. "தண்ணி வேணும்." இரண்டே சொற்கள். எந்த அசை மேலே, எந்த அசை கீழே என்று முடிவு செய்ய ஒரு மணி நேரமாயிற்று. அடுத்தது "கால் வலிக்குது." அதற்கடுத்தது "லைட்ட அணை." பல்லவி இல்லை, எதுகை இல்லை, அச்சேறப்போவதும் இல்லை. வீட்டில் எல்லாரும் பாடிப் பாடி அத்தையின் கையைத் தட்டினோம். என் ஒன்பது வயது மகன் தானாகவே ஒரு பாட்டுக் கட்டினான்: "சீரியல் போடு." எல்லாவற்றிலும் அதைத்தான் அத்தை முதலில் கற்றுக்கொண்டார் என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

ஐந்து மாதம் கழித்து ஒரு மத்தியானம், மெட்டில்லாமல், "தண்ணி" என்றார். இன்று ஏறக்குறைய 40 சொற்கள் வருகின்றன. என் பெயர் இன்னும் வரவில்லை. ஊரார் அழைப்பதைக் கேட்டு அவரும் என்னை "டீச்சர்" என்கிறார்.

அன்று முதல் நான் எழுதும் முறை மாறிவிட்டது. தஞ்சை சாஸ்திரியார் 1774இல் பிறந்து 1864இல் மறைந்தவர். 1853இல் எட்வர்ட் வெப் என்னும் அமெரிக்க மிஷனரி தொகுத்து அச்சிட்ட கீர்த்தனைப் புத்தகத்தில் அவருடைய பாடல்கள் பல இடம்பெற்றன. அவை வாய் வாயாக இறங்கி, எங்கோ ஒரு கிராமத்து ஓய்வுநாள் பள்ளியில் பாவாடை கட்டிய ஒரு சிறுமியிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. அறுபது ஆண்டுகளுக்குப் பின், அவளிடம் வேறு சொல்லே மிஞ்சாத நாளில், அந்தப் பாட்டு மட்டும் மிஞ்சியது. எழுதியவருக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் அலங்காரச் சொல்லை வைக்கக் கை கூசுகிறது. முன்பெல்லாம் பெரியவர்களின் திருநாள் பாட்டுக்குத்தான் மிகுதியாக உழைப்பேன். இப்போது சிறுபிள்ளைகளின் பாட்டுக்கே மிகுதியாக உழைக்கிறேன். அவர்களில் யாருக்கு, எந்த முதுமையில், எந்த வரி தேவைப்படும் என்று யார் கண்டது?

மாணவச் செல்வங்களே! நான் கிறிஸ்தவப் பாட்டைச் சொன்னேன்; எனக்குத் தெரிந்தது அது. உங்களுள் ஒருவருக்குத் தேவாரமாக இருக்கலாம், ஒருவருக்கு நபிகள் நாயகத்தைப் புகழும் பாட்டாக இருக்கலாம், ஒருவருக்குப் பாட்டி பாடிய தாலாட்டாகவோ நடவுப் பாட்டாகவோ இருக்கலாம். எதுவாயினும் சிலவற்றை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசியில் ஆயிரம் பாட்டு இருக்கிறதே என்று எண்ண வேண்டாம். செல்பேசியில் இருப்பது கையில் இருக்கிறது. நான் சொல்வது உடம்பில் இருக்க வேண்டிய பாட்டு. வீட்டில் பாட்டி இருந்தால் இந்த விடுமுறையில் அருகில் உட்கார்ந்து ஒரு பாட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நேரமில்லை என்பீர்கள். அவர் வெங்காயம் உரிக்கும்போது நீங்களும் இரண்டு வெங்காயத்தை எடுத்து உரியுங்கள். நேரம் அதிலேயே இருக்கிறது.

இவ்வாண்டு அறுவடைத் திருநாளுக்குப் பாட்டு கேட்டிருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். மோகன ராகம், ஆதி தாளம். இரண்டு சரணம் பாக்கி இருக்கிறது. திங்கட்கிழமை காலைப் பேருந்தில் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.