தெளிகனவு: வராத இரவுகளின் வேலை

கனவு நடந்துகொண்டிருக்கும்போதே ‘இது கனவு’ என்று கனவுக்குள் இருப்பவருக்குத் தெரிந்துவிட்டால் அது தெளிகனவு. லூசிட் ட்ரீமிங் என்ற பெயரில் இதைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கற்க வருகிறவர்கள் இப்போது நிறைய. பறக்கலாம், இறந்துபோன தாத்தாவோடு பேசலாம், கடலுக்கடியில் நடக்கலாம் என்ற ஆசையோடு தொடங்குவார்கள். முதல் வாரம் தலையணைக்குப் பக்கத்தில் புது நோட்டு இருக்கும். அடுத்த வாரம் விடியற்காலையில் அலாரம் அடிக்கும். மாதம் முடிவதற்குள் நோட்டு அலமாரிக்குப் போய்விடும். பல வருடங்களாக இந்தப் பயிற்சியில் இருப்பவன் என்பதால் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். பெரும்பாலோர் வருவது நோட்டு அலமாரி ஏறிய பிறகுதான்.

வந்தவுடன் வேறொரு உத்தி கேட்பார்கள். உத்திகள் அவர்களிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கும். இல்லாதது, ஒன்றும் நடக்காத இரவுகளைத் தாண்டிப் போக ஒரு பிடிமானம்.

என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். ஒருநாள் போன் செய்தான்.

“மாமா, விட்டுடலாம்னு இருக்கேன். ஒண்ணுமே வரல.”

“ஒண்ணுமேன்னா? கனவே வரலியா?”

“கனவு வருது. கண்டதும் வருது. தெளிகனவுதான் வரல.”

“சரி, நேத்து என்ன வந்துச்சு?”

கொஞ்சம் தயங்கினான். பிறகு சொல்லத் தொடங்கினான். காலேஜ் பஸ், டிரைவர் இல்லை. ஆனாலும் ஓடுகிறது. பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுத்த அய்யா கண்டக்டராக வந்து டிக்கெட்டுக்குப் பதிலாக ஒவ்வொருவர் கையிலும் ஈர மணலை வைக்கிறார். இவன் கையில் மட்டும் வைக்காமல் போய்விடுகிறார். அது ஏன் அவ்வளவு வருத்தமாக இருந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. சொல்லச் சொல்ல விவரம் கூடிக்கொண்டே போயிற்று. மணலின் குளிர்ச்சி வரை சொன்னான்.

“இதையாடா ஒண்ணுமே வரலன்னு சொன்னே?” என்று கேட்டேன். அவனிடம் பதில் இல்லை.

நான் சொல்ல விரும்புவது அங்கேதான் இருக்கிறது. தெளிகனவு எப்போதாவது கிடைக்கும் பொருள். சாதாரணக் கனவு தினமும் கிடைக்கும் கூலி. கூலியை வாங்க மறுக்கிற ஆள் எத்தனை நாள் வேலைக்கு வருவார்? கனவைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று வருகிறவர் சீக்கிரம் விட்டுவிடுகிறார். கனவைப் பார்க்க வேண்டும் என்று வருகிறவர் நிலைக்கிறார். இத்தனை பேரைப் பார்த்ததில் எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

இந்தத் துறையின் முன்னோடிகள் எப்படி இருந்தார்கள் என்று தெரிந்தாலே பாதிச் சோர்வு போய்விடும். ஃபிரெடரிக் வான் ஈடன் நெதர்லாந்தைச் சேர்ந்த மனநல மருத்துவர், எழுத்தாளரும்கூட. ‘லூசிட் ட்ரீம்’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் நிலைநிறுத்தியது அவர் 1913-ல் வெளியிட்ட கட்டுரை. 1896-லிருந்து தன் கனவுகளைக் குறித்துவந்தவர். 1898 தொடங்கி 1912 முடிய, ஏறத்தாழ பதினைந்து வருடங்களில், தனக்கு வந்த தெளிகனவுகள் 352 என்று கணக்குச் சொல்கிறார். வகுத்துப் பாருங்கள், சராசரியாக மாதத்துக்கு இரண்டு. வாழ்நாளின் நடுப்பகுதியை இதற்குக் கொடுத்த மனிதருக்கே மாதம் இரண்டுதான். மூன்றே நாளில் வரவழைக்கலாம் என்று வாக்குக் கொடுக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, நான்காம் நாள் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்கிற பிள்ளைகளை எண்ணினால் எனக்குக் கோபம் வருகிறது. கோளாறு அந்த வாக்கில் இருக்கிறது.

அதற்காக இது யாரோ சிலருக்கு மட்டும் வாய்க்கிற வரமும் இல்லை. ஐம்பது வருட ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் வந்த ஒரு கணிப்பின்படி, நூறு பேரில் 55 பேருக்கு வாழ்க்கையில் ஒருமுறையாவது தெளிகனவு வந்திருக்கிறது. பயிற்சியால் கூட்டமுடியும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஸ்டீஃபன் லாபெர்ஜ், தன்னையே சோதனைப் பொருளாக வைத்து, இது கற்கக்கூடிய திறன் என்று 1980-ல் எழுதினார். அவர் வகுத்த முறையைத்தான் ‘மைல்ட்’ என்ற பெயரில் இன்றும் முதலில் கற்றுத்தருகிறார்கள்.

அந்த முறையைக் கூர்ந்து பார்த்தால் ஊக்கத்தைப் பற்றி ஒரு விஷயம் புரியும். விடியற்காலையில் ஒரு கனவிலிருந்து விழிக்கிறீர்கள். அந்தக் கனவை முழுதாக நினைவுக்குக் கொண்டுவருகிறீர்கள். ‘அடுத்த கனவில், இது கனவு என்பது எனக்கு ஞாபகம் வரும்’ என்று மனதில் சொல்லிக்கொள்கிறீர்கள். சற்றுமுன் கண்ட கனவுக்குள்ளேயே மறுபடி போய், அங்கே அது கனவென்று தெரிந்துகொண்டதாகக் கற்பனை செய்தபடி தூங்கிப்போகிறீர்கள். இதில் மந்திரம் ஏதும் இல்லை. பின்னால் செய்யவேண்டிய ஒன்றை, உரிய நேரத்தில் ஞாபகம் வரும்படி இப்போதே மனதில் போட்டுவைப்பது, அவ்வளவுதான். வேலை முடிந்து வரும் வழியில் புளி வாங்க வேண்டும் என்று காலையில் நினைத்தவருக்கு மளிகைக் கடையைப் பார்த்ததும் நினைவு வருகிறதே, அதே ஞாபகசக்தி. புளி இல்லாமல் குழம்பு வைக்கமுடியாது என்கிற வீட்டில் அந்த ஞாபகம் தவறாது. வேண்டுமா வேண்டாமா என்று அரைமனதாக நினைத்தவர் கடையைத் தாண்டிப் போய்விடுவார்.

ஆகவே இந்தக் கலையில் ஆசைதான் கருவி. மற்ற பயிற்சிகளில் மனம் சலித்திருந்தாலும் கையைக் காலை அசைத்து ஒப்பேற்றிவிடலாம். மனமில்லாமல் நடந்தாலும் நடைப்பயிற்சி நடைப்பயிற்சிதான். இங்கே அப்படி முடியாது. சலிப்போடு சொல்லிக்கொண்ட வாக்கியம் தூக்கத்தைத் தாண்டிப் போவதில்லை. ஊக்கத்தைக் காப்பாற்றுவதுதான் பயிற்சியின் பெரும்பகுதி என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆசையைக் கூராக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி, அதைச் சிறியதாக்குவது. ‘பறக்க வேண்டும்’ என்பது மிகப் பெரியது, யாருடையதாகவும் இருக்கக்கூடியது. உங்களுக்கு மட்டும் சொந்தமான ஒரு சின்ன காரியத்தைத் தேர்ந்தெடுங்கள். நான் தேர்ந்தெடுத்தது, இடித்துவிட்ட எங்கள் ஆச்சி வீட்டு ஊஞ்சல். அதன் சங்கிலியை ஒருமுறை கையால் பிடித்துப் பார்க்க வேண்டும். பகலில் பஸ்ஸில் போகும்போதும் அது ஞாபகம் வரும். சங்கிலியின் கண்ணிகள் எவ்வளவு பெரியவை, எண்ணெய்ப் பிசுக்கு எந்த இடத்தில் இருந்தது என்று யோசிப்பேன். இரவில் சொல்லிக்கொள்ளும் வாக்கியத்துக்கு அப்படித்தான் உயிர் வந்தது.

அது நடந்த விடியலில், ஏதோ ஒரு வீட்டின் இருட்டு அறையில் ஸ்விட்சைப் போடுகிறேன். விளக்கு எரியவில்லை. மறுபடி போடுகிறேன், எரியவில்லை. கனவில் ஸ்விட்சைப் போட்டால் பெரும்பாலும் வெளிச்சம் சரியாக வராது என்பதைக் கீத் ஹெர்ன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் எழுதியிருக்கிறார். படித்திருந்தேன். விரலை ஸ்விட்சிலிருந்து எடுப்பதற்குள் தெரிந்துவிட்டது. தெரிந்த கணத்தில் சுவரின் சுண்ணாம்புத் திட்டுகள்கூட ஒவ்வொன்றாகத் துலங்கின. உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டேன். கனவு கலையாமல் நிறுத்த லாபெர்ஜ் சொல்லித்தந்த வழி அது. தேய்த்த சூடு தெரிந்தது. அடுத்த அறையில் ஊஞ்சல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன், இருந்தது. சங்கிலியைப் பிடித்தேன். நான் நினைத்துவைத்திருந்ததைவிடக் குளிர்ச்சியாக, கனமாக இருந்தது. பலகையின் ஓரத்தில் ஒரு வெட்டு. சின்ன வயதில் அதில் விரலை விட்டு நோண்டிக்கொண்டிருப்பேன் என்பதே அந்த வெட்டைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சந்தோஷம் தாங்காமல் விழித்துவிட்டேன். மொத்தம் ஒரு நிமிடம்கூட இருந்திருக்காது.

முதல் தெளிகனவுகள் இப்படிக் குறுகியவைதான். இதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஏனென்றால் முதல் கனவு வந்த பிறகு விட்டுவிடுகிறவர்களும் உண்டு. ‘இதற்காகவா இவ்வளவு நாள்?’ என்று தோன்றிவிடுகிறது. ஊஞ்சலைத் தேடிப் போனவருக்கு அப்படித் தோன்றாது.

அந்த ஒரு நிமிடத்துக்கு அடியில் இருப்பது நோட்டுதான். அதை எழுதுவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. விழித்ததும் அசையக்கூடாது. போனை எடுக்கக்கூடாது. கண்ணைத் திறக்காமல், எந்தப் பக்கம் படுத்திருந்தீர்களோ அப்படியே கிடந்து, ‘இப்போது எங்கே இருந்தேன்?’ என்று மட்டும் கேளுங்கள். ஒரு நிறமோ முகமோ மனதில் தங்கியிருக்கும். அந்த நுனியைப் பிடித்துப் பின்னோக்கிப் போனால் முந்தின காட்சி வரும். ஒன்றும் வரவில்லை என்றால் மெல்லத் திரும்பி மறுபக்கம் படுத்துப் பாருங்கள். சில நாள் அந்தப் பக்கத்தில் ஒரு கனவு காத்திருக்கும். வாக்கியமாக எழுத நேரம் இல்லையென்றால் நாலு சொல் போதும்: ‘பஸ், மணல், அய்யா, வருத்தம்.’ இரவு உட்கார்ந்து விரித்து எழுதலாம். சில வாரங்கள் இப்படிச் செய்தால் நினைவு தானாக வளரும். கனவே வராது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் ஒரே இரவில் இரண்டு மூன்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த வளர்ச்சி கண்ணுக்குத் தெரியும். தொடங்குகிறவருக்கு அதைவிடப் பெரிய ஊக்கம் கிடையாது.

நோட்டில் பக்கங்கள் சேரச்சேர, திரும்பத்திரும்ப வரும் இடங்கள் தெரியும். எனக்கு ரயில் பிளாட்பாரமும் பரீட்சை ஹாலும். அதனால் பகலில் எந்த ஸ்டேஷனில் கால் வைத்தாலும், ‘இது கனவாக இருக்குமோ?’ என்று நின்று கேட்பேன். பெயர்ப்பலகையைப் படித்து, பார்வையை விலக்கி, மறுபடி படிப்பேன். கனவில் எழுத்து மாறிவிடும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சு வருகிறதா என்று பார்ப்பதும் உண்டு, கனவில் வரும். ஒருநாளைக்கு இத்தனை தடவை என்று கணக்கு வைத்துச் செய்தால் பயனில்லை. நிஜமாகவே சந்தேகப்பட்டுக் கேட்க வேண்டும். திபெத்திய பௌத்தத்தின் கனவு யோகத்திலும் பகல் பயிற்சி இதுதான். விழித்திருக்கும்போதே, பார்ப்பதெல்லாம் கனவு என்று நினைத்துப் பழகுவது.

அலாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கனவு மிகுந்த ரெம் உறக்கம் இரவின் பின்பகுதியில்தான் நீளும். அதனால் ஐந்து மணி நேரம் தூங்கியபின் எழுந்து, சற்று விழித்திருந்து, மைல்ட் செய்து திரும்பப் படுப்பது நல்ல உத்தி. தினமும் செய்தால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் நினைவு மங்கும், நினைவு மங்கினால் ஆசை வடியும். மறுநாள் விடுமுறை என்றால் மட்டும் செய்யுங்கள். ஆஸ்திரேலியாவின் அடெலெய்ட் பல்கலைக்கழகத்தில் டென்ஹோம் ஆஸ்பி நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், மைல்ட் முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கியவர்களுக்கு ஏறத்தாழப் பாதி முயற்சிகள் பலித்தன. மற்றவர்களுக்கு அந்த அளவு இல்லை. வரிந்துகட்டிக்கொண்டு கண்விழித்துக் கிடப்பவருக்கு இது கிட்டாது. பகலில் தீவிரம், இரவில் தளர்வு.

உடல் தூங்கி மனம் விழித்திருக்கும் உத்திகளில் இறங்கினால் சிலருக்குக் கைகால் அசைக்கமுடியாமல் நெஞ்சில் பாரம் அழுத்தும். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்போம். ரெம் உறக்கத்தில் உடம்பின் தசைகள் இயல்பாகவே செயலற்றுக் கிடக்கும். அந்த நிலை நீங்குவதற்குள் நினைவு வந்துவிட்டதுதான் அது. சில நிமிடங்களில் போய்விடும். பயந்தே விட்டவர்கள் பலர் என்பதால் சொல்கிறேன். மனநலத்துக்கு மருந்து எடுத்துக்கொள்கிறவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

அந்தத் தசைத் தளர்விலும் கண்கள் மட்டும் அசையும். அதை வைத்துத்தான் 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில், ஆலன் வோர்ஸ்லி கனவுக்குள்ளிருந்து கண்ணை இடமும் வலமுமாக அசைத்துச் சைகை தந்தார். கீத் ஹெர்னின் கருவி அதைத் தாளில் பதிவு செய்தது. 2021-ல் வெளிவந்த ஆய்வொன்றில், தூங்கிக்கொண்டிருந்த ஒருவரிடம் எட்டில் ஆறு போனால் எத்தனை என்று கேட்டார்கள். கனவுக்குள்ளேயே கேட்டு, கண்ணை இரண்டு முறை அசைத்துப் பதில் சொன்னார். சோர்வான வாரங்களில் இதை நினைத்துக்கொள்வேன். மனிதருக்கு இது முடியும் என்பது நிரூபணமான விஷயம்.

வறட்சிக் காலம் எல்லாருக்கும் வரும். அப்போது அலாரத்தை நிறுத்துங்கள், உத்திகளை நிறுத்துங்கள், நோட்டை மட்டும் நிறுத்தாதீர்கள். இன்றிரவு ஒரு பேனாவும் நோட்டும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் அசையாமல் கிடந்து, கிடைத்ததை எழுதுங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டால் தேதியைப் போட்டு ‘ஞாபகம் இல்லை’ என்று எழுதுங்கள். மறுநாளும் எழுதுங்கள்.