நீலகிரியில் ஒலிக்கும் வினைக் கணக்கு

மேட்டுப்பாளையத்திலிருந்து வடமேற்கே ஏறும் மலைப்பாதை கோத்தகிரியை நெருங்கும்போது சமவெளியின் வெப்பம் கீழே நின்றுவிடுகிறது. சரிவுகள் எங்கும் தேயிலை. இடையிடையே உருளைக்கிழங்கும் காரட்டும் விளையும் படிக்கட்டு வயல்கள். மேட்டு நிலங்களில், ஒன்றோடொன்று சுவர் சேர்ந்த வீடுகள் வரிசையாக நிற்கும் ஊர்கள் தென்படுகின்றன. இவை படுகர் பெருமக்களின் ஊர்கள். தங்கள் மொழியில் இவற்றை ‘ஹட்டி’ என்கிறார்கள். தொலைந்துபோன நூற்றாண்டுகளில் மைசூர்ப் பகுதியிலிருந்து இந்த மலைக்கு வந்து குடியேறியவர்கள் இவர்கள். வடக்கிலிருந்து வந்தோர் என்பதே ‘படுகர்’ என்ற பெயரின் பொருள்.

கோத்தகிரி வட்டத்தில் உள்ள பேரகணி இம்மக்களுக்குத் தலைமையான திருத்தலம். அங்கே கோயில் கொண்டிருப்பவள் ஹெத்தையம்மன். ஹெத்தை என்றால் பாட்டி, மூதாய். மார்கழி, தை மாதங்களையொட்டி நடைபெறும் ஹெத்தைப் பண்டிகையின்போது விரதமிருந்த பக்தர்கள் வெண்ணிற ஆடை உடுத்தி ஊர் ஊராகக் கால்நடையாக வந்து அவளை வணங்குகிறார்கள். பச்சை மலைச்சரிவில் வெண்மை வரிசையாக இறங்கி வரும் காட்சி காண்போர் நெஞ்சை நிறைக்கும். தெய்வத்தைப் பாட்டி என்று அழைக்கும் மக்களுக்கு முன்னோர் என்போர் மறைந்துபோனவர்கள் அல்லர். வீட்டின் நடத்தையை இன்றும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். வினையைப் பற்றிய இவர்களது நம்பிக்கையும் அந்த உணர்விலிருந்தே பிறக்கிறது.

உரக்கச் சொல்லப்படும் பட்டியல்

கர்மவினை பற்றிப் பேசும் சாத்திரங்கள் நம் நாட்டில் ஏராளம். நீலகிரியிலோ அது ஒரு சடங்காகவே வாழ்கிறது. படுகர் குடும்பத்தில் ஒருவர் இறந்தால், உடலை எடுத்துச் செல்லும் வழியில் ஓரிடத்தில் நிறுத்துகிறார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் தலைமாட்டில் நின்று, மனிதன் செய்யக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாக உரத்த குரலில் சொல்லுகிறார். ஒவ்வொன்றின் முடிவிலும் சூழ்ந்து நிற்பவர்கள் அது பாவமே என்று ஒரே குரலில் ஒப்புகிறார்கள். இவ்வேண்டுதலுக்குக் ‘கரு ஹரசுவது’ என்று பெயர். 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கேட்டு எழுதி வைத்தவர்கள் உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட, தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய 7 தொகுதி நூலிலும் இது விரிவாக இடம்பெற்றிருக்கிறது.

அந்தப் பட்டியலைக் கேட்பவர் முதலில் வியப்படைவார். கொலையும் கொள்ளையும் அதில் முன்னிற்கவில்லை. அன்றாட வாழ்வில் யாரும் கவனியாமல் செய்துவிடும் காரியங்களே நிறைந்திருக்கின்றன. வயலின் எல்லைக்கல்லை நகர்த்தியது. உடன்பிறந்தாரிடையே கோள் மூட்டியது. மலையில் வழி தவறி வந்த அயலாருக்குத் தவறான பாதையைக் காட்டியது. பக்கத்து வீட்டு எருமை நிறையப் பால் கறப்பதைக் கண்டு பொறாமைப்பட்டது. வயது வராத இளங்காளையை ஏரில் பூட்டியது. பசித்தவருக்கு உணவும் குளிரில் நடுங்கியவருக்கு நெருப்பும் தர மறுத்தது. மாமனார் தரையில் அமர்ந்திருக்கத் தான் உயரத்தில் சாய்ந்திருந்தது. ஓடை நீரைப் பருகும் முன் அதை வணங்காமல் விட்டது. குளத்தின் கரையை உடைத்து நீரை வீணாக்கியது. பல்லியையும் தவளையையும் கொன்றதுகூடக் கணக்கில் வருகிறது.

குளிரும் மேகமும் சூழ்ந்த மலையில் வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பாவங்களின் கனம் நன்றாகத் தெரியும். பனிமூட்டத்தில் ஒருவருக்குத் தவறான வழியைக் காட்டினால் அவர் பள்ளத்தில் விழக்கூடும். இரவுக் குளிரில் ஒரு கங்கு நெருப்பு மறுக்கப்பட்டால் உயிரே போகலாம். சொல்பவருக்கு அது ஒரு சொல். அனுபவிப்பவருக்கு அதுவே விதி. வினை என்பது இப்படித்தான் விதைக்கப்படுகிறது.

கன்றும் பாவமும்

பண்டைய வழக்கில் இச்சடங்கின்போது ஒரு கன்றைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். இறந்தவரின் பாவங்கள் 1,300 ஆயினும் அவை அனைத்தும் பசவனின் திருவடியைச் சேரட்டும் என்று வேண்டி, கன்றின் மேல் கை வைத்து அதை விடுவிப்பார்கள். அந்தக் கன்றை அதன்பின் ஒருவரும் வேலைக்குப் பூட்டுவதில்லை. உயிர் நூலிழைப் பாலத்தைக் கடந்து நல்லுலகம் சேர வேண்டும் என்பதும் அவ்வேண்டுதலில் உண்டு. கன்று விடும் வழக்கம் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. பாவங்களைச் சொல்லி வேண்டும் வழக்கம் நிலைத்திருக்கிறது.

இங்கே ஓர் ஐயம் எழுவது இயல்பு. செய்தவனே வினைப்பயனை நுகர வேண்டும் என்பது நம் சாத்திரங்களின் முடிபு. அப்படியிருக்க, ஒருவரது பாவத்தை ஒரு கன்று சுமந்து போக முடியுமா?

பட்டியலை யார் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். நல்லவராக வாழ்ந்தவருக்கும் அதே பட்டியல்தான். தீயவராக வாழ்ந்தவருக்கும் அதே பட்டியல்தான். ஆகவே அது இறந்தவர் மீது சுமத்தும் குற்றச்சாட்டு ஆகாது. படுத்திருப்பவரால் இனி ஓர் எல்லைக்கல்லையும் பழைய இடத்தில் வைக்க இயலாது. சுற்றி நிற்பவர்களால் இயலும். அது பாவமே என்று வாய்விட்டு ஒப்பும்போது, ஒவ்வொருவர் மனமும் தன் வயலையும் தன் வீட்டையும் நினைத்துக்கொள்கிறது. இறந்தவருக்கு அது பிரார்த்தனை. இருப்பவர்களுக்கு அது பாடம்.

சஞ்சிதம், பிராரப்தம், ஆகாமியம் என்று வினையை மூவகையாகப் பெரியோர் பகுத்தனர். பல பிறவிகளில் சேர்த்து வைத்தது சஞ்சிதம். அதில் இப்பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரப்தம். இன்று புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். முதல் இரண்டையும் இறைவன் திருவருளிடம் ஒப்படைத்து வணங்கலாம். மூன்றாவது மட்டும் அவரவர் கையில் இருக்கிறது. மலை மக்கள் உரக்கச் சொல்லும் பட்டியல் அந்த மூன்றாவதைப் பற்றியதே.

திருவாரூரில் ஒரு கன்று

சோழ நாட்டிலும் ஒரு கன்றைச் சுற்றியே வினைக் கணக்கு பேசப்பட்டது. திருவாரூரில் மகனின் தேர்க்காலில் பசுங்கன்று மடிந்ததை அறிந்த மனுநீதிச் சோழன், இத்துயர் வரத் தான் என்ன பாவம் செய்தேனோ என்று கலங்குகிறான். வள்ளலார் 1854இல் வெளியிட்ட ‘மனுமுறை கண்ட வாசகம்’ என்னும் உரைநடை நூலில் மன்னன் அடுக்கும் பாவங்களின் நீண்ட வரிசை தமிழர் பலரும் அறிந்தது. பசித்தவரைப் பாராதிருத்தல், நீர்நிலையை அழித்தல் ஆகியவை அங்கும் உண்டு, நீலகிரியிலும் உண்டு. மொழியும் நிலமும் வேறு, அறம் ஒன்றே.

ஒரு வேறுபாடு மட்டும் கருதத்தக்கது. மலையில் பிறர் சொல்ல, இறந்தவர் கிடக்கிறார். திருவாரூரிலோ மன்னன் உயிரோடு இருக்கையில் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறான். அந்த வழி இன்று வாழும் ஒவ்வொருவருக்கும் திறந்திருக்கிறது.

மாலை விளக்கின் முன்

அகவை முதிர்ந்தவர்கள் பலர், இனிப் புதிதாக என்ன பாவம் செய்யப்போகிறோம் என்று எண்ணுவதுண்டு. பட்டியல் அந்த நிம்மதியைக் கலைக்கிறது. சொத்தைப் பிரிக்கையில் ஒரு பிள்ளைக்குச் சாய்வாகப் பேசுவதும் எல்லைக்கல்லை நகர்த்துவதே. மகனிடம் மருமகளைப் பற்றியும், மருமகளிடம் மகளைப் பற்றியும் ஒரு சொல் கூட்டிச் சொல்வது கோள். பக்கத்து வீட்டுப் பேரன் பெற்ற நல்ல வேலையைக் கேட்டு முகம் வாடுவது, பால் கறக்கும் எருமையைக் கண்டு எழுந்த அதே பொறாமை. குழாயைத் திறந்துவிட்டு மறப்பது, குளக்கரையை உடைப்பதன் சிறு வடிவம்.

மாலையில் விளக்கேற்றியபின், அன்றைய நாளில் இவற்றுள் எது நேர்ந்தது என்று ஒரு நாழிகை அமர்ந்து எண்ணிப் பார்க்கலாம். நேர்ந்திருந்தால் மறுநாள் காலையே சரி செய்யலாம்: ஒரு மன்னிப்பு, ஒரு பங்கீட்டுத் திருத்தம், ஒரு பிடி சோறு. கீதை காட்டும் கர்மயோகம் இத்தகைய சிறு செயல்களிலிருந்தே தொடங்குகிறது. உயிர் உள்ளவரை கல்லைப் பழைய இடத்தில் வைக்கக் கைகள் இருக்கின்றன.

செல்லும் வழி: மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு நேரடிப் பேருந்துகள் உண்டு. உதகையிலிருந்து கோத்தகிரி ஏறத்தாழ 30 கி.மீ. பேரகணிக்குக் கோத்தகிரியிலிருந்து செல்லலாம். பண்டிகைக் காலத்தில் குளிர் மிகுதி. முதியோர் கம்பளி ஆடையுடன் செல்வது நல்லது. ஹட்டிகளில் நடைபெறும் இறுதிச் சடங்குகள் குடும்பத்தாருக்கு உரியவை. அவற்றை வேடிக்கை பார்க்கச் செல்லுதல் தகாது. ஹெத்தையம்மனை வணங்கித் திரும்பினாலே போதும்.