மார்புக்கு ஒரு பின்னல்

மாம்பலத்தில் பழைய அடுக்குமாடி ஒன்றின் கூடம். சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. காபி குடித்த டம்ளர்கள் இன்னும் உள்ளே போகவில்லை. ஜமக்காளத்தில் ஐந்து பெண்கள் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஜன்னல் பக்கத்து நாற்காலியை எனக்குக் காட்டியதோடு சரி. அதற்குப் பிறகு யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

குரோஷா ஊசிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. நடுவில் ஒரு முடிச்சு, அதைச் சுற்றிக் கண்ணிகள், சுற்றுக்குச் சுற்று கண்ணிகள் கூடக் கூட நூல் குவிந்து ஒரு சின்னக் கிண்ணமாகிறது. குழந்தைத் தொப்பி என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். அறுவை சிகிச்சையில் மார்பகத்தை எடுத்துவிட்ட பெண் தன் உள்ளாடைக்குள் வைத்துக்கொள்வதற்கான செயற்கை மார்பகம் அது.

உல்லன் நூல் இங்கே ஆகாது. சென்னை வெயிலில் அரிக்கும். தையல் போட்ட தழும்பும், ‘கரண்ட்’ (கதிர்வீச்சு) வைத்துக் கறுத்துப்போன தோலும் அதைத் தாங்காது. மிருதுவான காட்டன் நூல் மட்டும்தான்.

மூத்தவருக்கு எழுபது வயதிருக்கும். பக்கத்துப் பெண் முடித்துக் கொடுத்ததை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஓர் இடத்தில் விரல் நின்றது. ஒன்றும் சொல்லாமல் நூலின் நுனியைப் பிடித்து இழுத்தார். நாலு சுற்று பிரிந்து மடியில் விழுந்தது.

“சின்ன ஓட்டைதானே மாமி...”

“பஞ்சு வெளியே வரும்மா. பஸ்ல போறப்ப வந்தா அவ என்ன பண்ணுவா?”

அந்தப் பெண் மறுபேச்சுப் பேசாமல் ஊசியை எடுத்துக்கொண்டாள்.

மூலையில் இருப்பவரிடம் ஊசி இல்லை. பாலியஸ்டர் பஞ்சை விரலால் பிய்த்து உதறி, கட்டியில்லாமல் நிரப்புவது அவர் வேலை. நிரப்பியதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் புடவைத் தலைப்புக்குள் வைத்துப் பார்க்கிறார். எடுத்து ஒரு சிட்டிகை குறைக்கிறார். மறுபடி வைக்கிறார். மற்ற நால்வரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவருக்கு எதனால் அந்த வேலை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பின்னலின் பின்பக்கம் ஒரு சுருக்கு வைத்திருக்கிறார்கள். அணிபவர் தன் அளவுக்குப் பஞ்சைக் கூட்டலாம், குறைக்கலாம்.

சிலிகானில் செய்தது கடையில் உண்டு. விலை ஆயிரக்கணக்கில். கனம், வியர்வை வேறு. தழும்பு ஆறும்வரை அதைப் போடவும் முடியாது. கர்ச்சீப்பையும் பழந்துணியையும் மடித்து வைத்துக்கொண்டு, அது நகர்ந்துவிடுமோ என்று தலைப்பை இழுத்து இழுத்து மூடியபடி கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்களை நாம் பார்த்திருப்போம். பார்த்தும் தெரிந்திருக்காது. இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். உயிர் பிழைத்ததே பெரிது, இதெல்லாம் ஒரு கவலையா என்று வீட்டில் கேட்பார்கள். அது கொடுமையான கேள்வி.

அமெரிக்காவில் பார்பரா டெமொரெஸ்ட் என்ற பெண்மணி, தனக்கு அறுவை சிகிச்சை முடிந்த 2011-இல் இந்தப் பின்னலைப் பிறருக்கும் இலவசமாகத் தரத் தொடங்கினார். மும்பையில் சாயிஷா இந்தியா அறக்கட்டளை இதைச் செய்துவருகிறது. இவர்களும் பெறுகிறவரிடம் காசு வாங்குவதில்லை.

இந்தக் கூடத்துக்கு வழக்கமாக வரும் ஒருவருக்கு இன்று ஜலதோஷம். வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். இதை அணியப்போகிறவருக்குக் கீமோ ஓடிக்கொண்டிருக்கலாம். அப்போது ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறையும், சின்னத் தொற்றும் பெரிதாகிவிடும். அதனால் முடிந்தவை எல்லாம் சோப்பில் அலசப்பட்டு, காய்ந்து, தனித்தனிக் கவருக்குள் போகின்றன. கூடவே, எப்படித் துவைப்பது என்று தமிழில் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு.

இரக்கம் என்று இதைச் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. முகம் தெரியாத ஒருத்தியின் பஸ் பயணத்தை நினைத்து நாலு சுற்றைப் பிரிக்கிற கை, அவளைத் தனக்குச் சமமாக வைத்திருக்கிறது.

டிவி மேல் போட, டீப்பாய் மேல் போட என்று விரிப்பு பின்னிய கைகள் நம் வீடுகளில் எத்தனையோ இருக்கின்றன. உங்களுக்கும் குரோஷா தெரியுமென்றால் நல்ல காட்டன் நூல் வாங்குங்கள். பக்கத்துப் புற்றுநோய் மருத்துவமனையில் என்ன அளவு தேவை என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.