உதட்டுப் பிளவோட பிறந்த குழந்தைக்கு முதல் ரெண்டு வாரம்

உதட்டுப் பிளவோட ஒரு குழந்தை பிறந்தா, எங்க மாடம்பாக்கம் பக்கம் நான் வழக்கமா கேக்குற பேச்சு ரெண்டு. ஒண்ணு, "கிரகணத்தப்போ வெளியே வந்தியா?"ன்னு அம்மாகிட்ட. இன்னொண்ணு, "மூணு மாசம் கழிச்சுத்தான் ஆபரேஷன், அதுவரைக்கும் சும்மா இருங்க."

முதல் பேச்சுக்கு ஒரே பதில். உதடு உருவாகுறது கர்ப்பத்தோட 4 முதல் 7 வாரத்துக்குள்ள. பல பெண்களுக்குக் கர்ப்பம்னே தெரியாத நேரம் அது. அம்மாவை விட்டுடுங்க.

ரெண்டாவதுதான் எனக்குக் கோபம் வர்ற இடம். அந்த மூணு மாசத்துல வேலை இருக்குங்க.

பிறந்த குழந்தையோட காது துணி மாதிரி மடியும், கவனிச்சிருக்கீங்களா? அம்மாவோட ஈஸ்ட்ரோஜன் குழந்தை ரத்தத்துல இன்னும் இருக்கும். அதனாலதான் குருத்தெலும்பு அவ்ளோ மிருதுன்னு சொல்றாங்க. வாரம் ஆக ஆக இறுகிடும். 1980-கள்ல ஜப்பான்ல மாட்சுவோ இதை வெச்சு காதையும் மூக்கையும் திருத்தினார். 1990-கள்ல நியூயார்க்ல கிரேசனும் கட்டிங்கும் அதை மேல்தாடைத் தகடோட சேர்த்தாங்க. பேரு நேசோஅல்வியோலார் மோல்டிங், சுருக்கமா 'நேம்'.

பல் செட் செய்யற அதே அக்ரிலிக்தான். குழந்தையோட மேல்தாடையை அச்செடுத்து ஒரு சின்னத் தகடு செய்வாங்க. கன்னத்துல டேப், ரப்பர் பேண்ட் போட்டு அதை நிறுத்துவாங்க. வாரம் ஒரு தடவை போனா, தகட்டுல ஒரு பக்கம் கொஞ்சம் சுரண்டி, மறுபக்கம் கொஞ்சம் சேர்ப்பாங்க. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. ஈறு இடைவெளி 5 மி.மீ. கிட்ட வந்ததும், தகட்டுல இருந்து ஒரு கம்பி மேலே போய், சப்பிப்போன மூக்கை உள்ளே இருந்து தூக்கிப் பிடிக்கும். உதட்டைத் தைக்கும்போது சர்ஜன் இழுக்க வேண்டிய தூரம் குறையும்.

சுலபம்னு சொல்ல மாட்டேன். தகட்டைத் தினமும் கழட்டிக் கழுவணும். கன்னம் சிவக்கும். வாரா வாரம் பச்சைக் குழந்தையோட தாம்பரம் வந்து, பைபாஸ் பிடிச்சு போரூர் ராமச்சந்திரா மாதிரி பிளவு சிகிச்சைக்குன்னே பிரிவு இருக்குற இடத்துக்குப் போகணும். நான் பார்த்த ஒரு ஆட்டோக்கார அப்பா, வாரத்துல ஒரு நாள் சவாரியே எடுக்கலை. பெரியம்மாதான் புலம்பிக்கிட்டே டேப் வெட்டிக் குடுப்பாங்க.

எல்லாருக்கும் இது தேவைப்படாது. சின்னப் பிளவுன்னா உதட்டுல டேப் மட்டும் போதும். வருஷங்கள் கழிச்சும் மூக்கு அப்படியே நிக்குமான்னு டாக்டர்களுக்குள்ளயே விவாதம் இருக்கு. தகடு போடாட்டியும் ஆபரேஷன் நடக்கும், பயப்படாதீங்க. ஆனா வேணுமா வேண்டாமான்னு முடிவு பண்ண, முதல் ரெண்டு வாரத்துக்குள்ள காட்டணும்.

பணத்தை நினைச்சுத் தள்ளிப்போடாதீங்க. ஸ்மைல் டிரெய்ன் உதவுற ஆஸ்பத்திரிகள்ல பிளவு ஆபரேஷன் இலவசம். 2013-ல தொடங்கின மத்திய அரசோட குழந்தைகள் நலத் திட்டத்துலயும் பிளவு உண்டு.

அதுவரைக்கும் பால் குடுக்கும்போது குழந்தையை நிமிர்த்திப் பிடிங்க. பாலாடையில கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. அடிக்கடி ஏப்பம் விட வைங்க. எடை ஏறலைன்னா அடுத்த வாரம்னு காத்திருக்காம அன்னிக்கே தூக்கிட்டு வாங்க.