எர்த் பார்க்காமல் கழட்டாதீர்கள்

போன ஐப்பசி மழையில் ஒரு வண்டி என் பட்டறைக்கு வந்தது. ஜப்பானில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர், அங்கே ஓட்டிய காரையே கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார். பழைய காரை அப்படி இறக்குவது லேசான காரியமில்லை. மூன்று வருஷத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது, ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், வரி வேறு. அத்தனையும் தாண்டி ஆனைமலைக்கு வந்துவிட்ட வண்டியில், டேஷ்போர்டு நடுவே கம்பெனியே பொருத்தி அனுப்பிய நேவிகேஷன் செட் மட்டும் மக்கர் செய்தது.

"அண்ணா, ஓடிட்டே இருக்கும், திடீர்னு அணைஞ்சு மறுபடி முதல்ல இருந்து வருதுங்க. மூணு பேர்கிட்ட காட்டியாச்சு. கழட்டிப் போட்டுட்டு ஆண்ட்ராய்டு ப்ளேயர் மாட்டிக்கங்கன்னுதான் சொல்றாங்க."

அவர்கள் ஏன் அப்படிச் சொன்னார்கள் என்று எனக்குப் புரிந்தது. திரை முழுக்க ஜப்பான் எழுத்து. அதைப் பார்த்ததும் கை பின்வாங்கிவிடும். எனக்கும் அந்த எழுத்து தெரியாது. ஆனால் செட்டுக்குப் பின்னால் போகிற ஒயர் எல்லா ஊர் வண்டியிலும் ஒரே வேலையைத்தான் செய்கிறது.

"எப்பெப்ப அணையுதுன்னு கவனிச்சீங்களா தம்பி?"

அவர் யோசித்தார். பின்சீட்டில் இருந்த அவர் மனைவி சொன்னார்: "ஏசி ஃபேனை நாலுல வெச்சா போயிருதுங்க."

அந்த ஒரு வார்த்தையில் பாதி வேலை முடிந்தது. செட்டுக்கும் ஏசிக்கும் சம்பந்தம் இருந்தால் அது பெரும்பாலும் எர்த்தில்தான் இருக்கும். செட்டைக் கொஞ்சம் முன்னே இழுத்து, கப்ளரைக் கழட்டாமல், அதன் எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். நல்ல எர்த்தாக இருந்தால் 0.1, 0.2 வோல்ட்டைத் தாண்டாது. ஃபேன் ஒன்றில் இருக்கும்போதே 0.6. நாலில் வைத்ததும் முள் இல்லாத அந்த மீட்டரில் எண்கள் துடித்தன: 3, 4, அதற்கும் மேல். செட் அணைந்து மறுபடி எழுந்தது. ஃபேனும் முழு வேகம் எடுக்காமல் முனகியது.

இடப்பக்கம் கால் வைக்கும் இடத்தில் மேட்டைத் தூக்கினேன். அடியில் தண்ணீர். ஏசித் தண்ணீர் வெளியே சொட்டுகிற குழாய் வாயில் மண்குளவி கூடு கட்டியிருந்தது. வெளியேற வழியில்லாத தண்ணீர் உள்ளே இறங்கி, ஓரத்து பேனலுக்குப் பின்னால் இருந்த எர்த் போல்ட்டைத் தின்றிருந்தது. ஒயர் முனை முழுக்கப் பச்சைக் களிம்பு. சுரண்டி, புது லக் போட்டு, முறுக்கி, கிரீஸ் தடவினேன். குளவிக்கூட்டைக் கம்பியால் குத்தி எடுத்தேன். மீட்டர் 0.04 காட்டியது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்த வேலையில் நான் பேட்டரியைக் கழட்டவே இல்லை. ஜப்பான் செட்டுகளில் பல, பேட்டரி துண்டிக்கப்பட்டால் பூட்டிக்கொள்ளும். தன்னோடு வந்த மேப் எஸ்டி கார்டையோ திறப்பு எண்ணையோ கேட்கும். கிடைக்காவிட்டால் ரேடியோகூடப் பாடாது. ஜப்பான் பழைய வண்டிகள் தெருவுக்குத் தெரு ஓடுகிற இலங்கையில் இது பழகிப்போன தலைவலி. கார்டு உள்ளே இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

அணைவது நின்றது. ஆனால் அம்புக்குறி அசையவில்லை, சாட்டிலைட் எதுவும் கிடைக்கவில்லை. இப்போதும் செட்டைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. ஜிபிஎஸ் சாட்டிலைட் பூமிக்கு மேலே 20,000 கிலோமீட்டருக்கும் அப்பால் சுற்றுகிறது. கீழே வந்து சேரும் சிக்னல் அவ்வளவு மெலிசு. ஒரு தகரத் துண்டு போதும், மறைந்துவிடும். டேஷ்போர்டுக்குள் ஆண்டெனா இருக்கும் இடத்துக்கு நேர் மேலே, தகட்டில் பதித்த மாசாணியம்மன் படம் ஒட்டியிருந்தது. வண்டிக்காரரிடம் சொன்னேன். அவரே கும்பிட்டு எடுத்து இடப்பக்கம் வைத்தார். சில நிமிஷத்தில் சாட்டிலைட் ஒவ்வொன்றாக வந்து அம்பு திரும்பியது.

"மேப் வருங்களாண்ணா?"

வராது. அந்தக் கார்டில் ஜப்பான் மட்டும்தான் இருக்கிறது. அங்கே எஃப்எம் 76இல் தொடங்குவதால் நம்ம ஊர் ஸ்டேஷனுக்கு அலைவரிசையை இறக்கித் தரும் எக்ஸ்பாண்டர் மாட்டலாம், அது வேலை செய்யும். மேப்புக்கு நான் பொய் சொல்ல மாட்டேன். வழி தேட போனை வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"அப்புறம் எதுக்குங்க இது?" என்று கேட்டார். வாங்க, காட்டறேன் என்று ஆழியாறு செக்போஸ்ட் தாண்டி வால்பாறை மலையில் ஏற்றினேன். நாற்பது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதை. பாறை ஓரத்தில் ஜிபிஎஸ் தடுமாறும். அப்போது செட்டைத் தாங்குவது இரண்டு: வண்டி திரும்புவதை உணரும் ஜைரோ, சக்கரத்திலிருந்து வரும் ஸ்பீடு பல்ஸ். ஜப்பான் கணக்கில் கிலோமீட்டருக்கு 2,548 பல்ஸ், அதாவது ஏறக்குறைய 40 சென்டிமீட்டருக்கு ஒன்று. 1981இல் ஹோண்டா, கார்களுக்கு ஜிபிஎஸ் எட்டாத காலத்திலேயே, ஜைரோவையும் சக்கரத்தையும் நம்பி நேவிகேஷன் விற்றது. அந்த அறிவு இந்தப் பெட்டிக்குள்ளும் இருக்கிறது. அதைத்தான் மூன்று பேர் கழட்டி எறியச் சொன்னார்கள் என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஏறத் தொடங்குமுன் ஆண்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டேன். திரையில் ரோடில்லை, ஊரில்லை, வெறும் நீலம். அதில் அம்பு நகர, பின்னால் புள்ளி புள்ளியாகத் தடம் விழுந்தது. முதல் வளைவில் அம்பு சுற்றித் திரும்பியது. மூன்று, நான்கு. ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயிண்டில் வண்டியை நிறுத்தியபோது, ஏறி வந்த ஒன்பது வளைவும் நீலத்தின் மேல் வெள்ளைப் புள்ளியாக மடிந்து மடிந்து கிடந்தன. கீழே ஆழியாறு அணை தெரிந்தது. அவர் அணையைப் பார்க்கவில்லை. திரையில் விரலை வைத்து வளைவுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.