ஜி.பி. ரோட்டில் ஒரு பி.காம்.

அப்பாவின் அம்பாசிடருக்கு என்ஜின் இறக்கி வேலை பார்த்தாயிற்று. ரீபோர், புது பிஸ்டன், ரிங், கேம் ஷாஃப்ட், டாப்பெட்... எட்டு மாதம் எழுதிச் சம்பாதித்த சன்மானம் மொத்தமும் ஒரு 1489 சி.சி. இரும்புக்குள் போய்விட்டது. "நாலு லிட்டர் ஆயிலும் ஃபில்டரும் வாங்கிட்டு வா சார், ஸ்டார்ட் பண்ணிடலாம்" என்றார் மெக்கானிக்.

சென்னையில், செத்த காரின் உறுப்பு வேண்டுமென்றால் கூவம் கரையோரப் புதுப்பேட்டை. டப்பா பிரிக்காத புதுசு வேண்டுமென்றால் அண்ணா சாலையிலிருந்து பிரிகிற ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. ஆட்டோவில் முழுப் பெயரைச் சொல்லிப் பயனில்லை, 'ஜி.பி. ரோடு' என்று சொல்ல வேண்டும். கடைக்குக் கடை கவுண்ட்டர் முன்னால் கூட்டம். ஆளுக்கொரு பழைய உறுப்பைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு, லேபுக்கு சாம்பிள் கொண்டுவந்தவர்கள் மாதிரி பவ்யமாக நிற்கிறார்கள். பெயர் தெரியாவிட்டாலும் கவலையில்லை. கவுண்ட்டரில் வைத்தால் போதும், உள்ளேயிருந்து அதன் ஜோடி வந்துவிடும். 2014-ல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுவிட்டது. ஃபில்டர் மட்டும் இங்கே இன்னும் கிடைக்கிறது!

"ஃபுல் சிந்தெடிக், 5டபிள்யூ-30. இருக்கறதுலயே உசத்தியாக் கொடுங்க" என்றேன், கம்பீரமாக.

கடைப் பெரியவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்ன வண்டி தம்பி?"

சொன்னேன். எடுத்த டின்னைத் திரும்ப ஷெல்ஃபிலேயே வைத்துவிட்டார்.

"புது ரிங்கும் போரும் கொஞ்சம் உரசித்தான் செட் ஆகணும். புதுசாக் கல்யாணம் ஆனவங்க மாதிரி. வழவழன்னு சிந்தெடிக்கை ஊத்தினா உரசவே உரசாது. அப்புறம் ஆயுசுக்கும் ஆயில் குடிக்கும். அதோட உன் வண்டி டாப்பெட் உருளாது, கேம் மேல தேய்ச்சுக்கிட்டே போகும். அதுக்கு ஆயில்ல ஜிங்க், பாஸ்பரஸ் வேணும். இந்தக் காலத்து 5டபிள்யூ-30-ல, சைலன்ஸர்ல இருக்கிற கன்வெர்ட்டர் கெடக்கூடாதுன்னு பாஸ்பரஸைக் குறைச்சுட்டான்."

கையில் வந்தது சாதாரண மினரல் 20டபிள்யூ-50. அது இல்லாவிட்டால் லாரிக்கு ஊற்றும் சி.ஐ.-4, 15டபிள்யூ-40 கூட ஆகுமாம். "ஸ்டார்ட் ஆனதும் ஐடிலிங்ல விடாதே, கேமுக்கு ஆயில் பத்தாது. 2000 சுத்துல இருபது நிமிஷம் ஓடட்டும். 500 கிலோமீட்டர்ல ஆயிலையும் ஃபில்டரையும் மாத்திடு, இரும்புப் பொடி வரும்."

500 கிலோமீட்டரில் கீழே கொட்டப் போகிற ஆயிலுக்கா அத்தனை காசு கொடுக்க இருந்தேன்? டெபிட், கிரெடிட் படித்த மூளைக்கு அப்போதுதான் உறைத்தது.

ஃபில்டர் பாக்கெட்டில் ஒரு ரப்பர் ரிங்கும் இருந்தது. "பழைய ரிங் பள்ளத்துக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும். ஊசியால கிளப்பி எடுத்துட்டுப் புதுசைப் போடச் சொல்லு" என்றார். தலையாட்டினேன். ஒர்க் ஷாப் போவதற்குள் வழியில் டீ குடித்தேன், மறந்துவிட்டேன்.

முதல் ஸ்டார்ட்டிலேயே பிடித்துக்கொண்டது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "ஆஃப் பண்ணுடா!" என்று அப்பா கத்தினார். எட்டிப் பார்த்தால், வண்டிக்கு அடியில் கறுப்பாக ஒரு குளம். ஃபில்டர் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து ஆயில் கொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் ரெண்டு நிமிஷம் விட்டிருந்தால் என் எட்டு மாதமும் வறண்டு பிடித்திருக்கும்.

கிண்ணத்தைக் கழற்றினார்கள். பழைய ரிங்கின் மேலேயே புது ரிங்!

அப்பாவே ஊசி வாங்கிக் கிளப்பி எடுத்தார். மறுபடி ஆயில், மறுபடி ஸ்டார்ட். இருபது நிமிஷமும் குனிந்தபடியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொட்டு விழவில்லை.

அடுத்த வாரம் 500 முடிகிறது. ஜி.பி. ரோட்டுக்குத் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்தப் பழைய ரிங்கைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார், சாம்பிளுக்கு.